வேலைக்காக ஓடியவர்கள்... வேலை கிடைத்த பிறகும் ஓடலாமே!

மார்கழி மாத அதிகாலை ஐந்தரை மணி. தர்மபுரியில் இன்னும் விடியவில்லை. டீக்கடை பாய்லர் இப்போதுதான் சூடேறிக்கொண்டிருக்கிறது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் கோலம் போடுகிறார்கள் பெண்கள். அந்த நேரத்தில் மைதானத்தின் பக்கம் போனால், இருட்டுக்குள் ‘தப்... தப்...’ என்று காலடிச் சத்தம் கேட்கும். இளைஞர்கள் வட்டமடித்து ஓடிக்கொண்டிருப்பார்கள். ஓரமாக நிற்கும் ஒருவர் செல்போனில் நேரம் பார்த்துச் சத்தமாகச் சொல்வார்.

தர்மபுரி மட்டுமல்ல... பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று மாவட்டத்தின் எந்த ஊர் மைதானத்திலும் இந்தக் காட்சி சகஜம். இவர்களின் இலக்கு, காக்கி அல்லது ராணுவ யூனிஃபார்ம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். ராணுவ ஆள்சேர்ப்பு என்றால் 1.6 கிலோமீட்டர். அந்தச் சில நிமிடங்களுக்காக மாதக்கணக்கில் குளிரிலும் பனியிலும் எழுந்து ஓடுகிறார்கள்.

அதற்குப் பிறகு?

தேர்வானவர் பயிற்சிக்குப் போய்விடுகிறார். தேர்வாகாதவர் வயது வரம்பைத் தாண்டியதும் ஓசூர் கம்பெனிக்கோ, பெங்களூருக்கோ, திருப்பூருக்கோ வேலைக்குப் போகிறார். ஓடிய ஷூ பரண்மேல் ஏறிவிடுகிறது. 22 வயதில் ஏழு நிமிடத்தில் 1,500 மீட்டர் ஓடியவர், 35 வயதில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறார். “அப்பல்லாம் நான் எப்படி ஓடுவேன் தெரியுமா?” என்று பழங்கதை பேசுவதோடு சரி. ஏன் இப்போது ஓடுவதில்லை என்று கேட்டால், பதில் தயாராக இருக்கும். “எங்கே நேரம் இருக்கு? காலையில பஸ்ஸைப் பிடிக்கணும். இந்தப் பனியில யார் எழுந்திருக்கிறது?”

வேலையும் பனியும் நியாயமான காரணங்கள்தான். ஆனால், அவற்றை மீறவே முடியாதா?

ஒரே பந்தயம்... மூன்று கதைகள்!

2018 ஏப்ரல் 16. அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான். உலகின் மிகப் பழைமையான வருடாந்தர மாரத்தான் இதுதான். 1897 முதல் நடக்கிறது. அன்றைக்குக் கொட்டும் மழை, முகத்தில் அறையும் எதிர்க்காற்று. பந்தயம் தொடங்கும்போது வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே. ஓட்டத்தையே தொழிலாகக் கொண்ட பல நட்சத்திரங்கள் குளிர் தாங்காமல் பாதியிலேயே விலகினார்கள்.

ஆண்கள் பிரிவில் வென்றவர் ஜப்பானின் யுகி கவாவுச்சி. முந்தைய ஆண்டு சாம்பியனைக் கடைசிக் கட்டத்தில் முந்தி, 2 மணி 15 நிமிடம் 58 விநாடிகளில் எல்லையைத் தொட்டார். அவர் ஓர் அரசுப் பள்ளியின் அலுவலக ஊழியர். மதியத்துக்கு மேல் தொடங்கி இரவு ஒன்பது மணி வரை அவருக்கு வேலை. ஜப்பானில் கம்பெனி அணிகளுக்காக ஓடும் வீரர்கள் தினமும் இரண்டு வேளை பயிற்சி எடுப்பார்கள். கவாவுச்சிக்குக் கிடைத்தது காலை வேளை மட்டும்தான். வார இறுதியில் நடக்கும் சின்னச் சின்னப் பந்தயங்களையே நீண்ட தூரப் பயிற்சியாக மாற்றிக்கொண்டார்.

பெண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸை அன்று வரை பெரும்பாலானோருக்குத் தெரியாது. அரிசோனாவின் ஒரு மருத்துவமனையில் மயக்க மருந்துப் பிரிவு செவிலியர். முழு நேர வேலை. விடிவதற்கு முன்போ, ஷிஃப்ட் முடிந்த பிறகோதான் அவர் ஓட முடியும். அது அவர் ஓடிய இரண்டாவது மாரத்தான். பரிசுத் தொகை 75,000 டாலர் என்பதே ஓடி முடித்த பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது.

மூன்றாவது கதை, முதலிடம் பிடித்த டெஸ் லிண்டனுடையது. குளிரில் உடம்பு ஒத்துழைக்காமல், விலகிவிடலாம் என்று பந்தயத்தின் தொடக்கத்திலேயே அவர் நினைத்தார். எப்படியும் விலகப்போகிறோம், அதற்கு முன் சக நாட்டு வீராங்கனை ஷலேன் ஃபிளானகனுக்காவது உதவலாம் என்று முடிவு செய்தார். ஃபிளானகன் கழிப்பறைக்காக ஒதுங்கியபோது வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். அவரை முன்னணிக் கூட்டத்தோடு மறுபடி சேர்ப்பதற்காகக் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் ஓடினார். அப்படி ஓட ஓட, லிண்டனுக்கே உடம்பு பழகிவிட்டது. 33 ஆண்டுகளுக்குப் பிறகு பாஸ்டனில் வென்ற முதல் அமெரிக்கப் பெண் ஆனார்.

வேலைக்கு இடையில் ஓடலாம், குளிரிலும் ஓடலாம், கூட ஒருவர் இருந்தால் இரண்டுமே சுலபம் என்பதற்கு அந்த ஒரு நாளே சாட்சி.

நம்மூரிலும் உதாரணம் உண்டு. 2004-ல் நடந்த சாலை விபத்தில் மா.சுப்பிரமணியனின் கால் முட்டி மோசமாக நொறுங்கியது. பழையபடி நடப்பதே சிரமம் என்ற நிலையிலிருந்து மீண்டு, ஐம்பது வயதைக் கடந்த பிறகு நீண்ட தூரம் ஓட ஆரம்பித்தார். சென்னை மேயராக இருந்து, 2021-ல் சுகாதாரத்துறை அமைச்சரான அவர், 100-க்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்திருக்கிறார். ஓர் அரை மாரத்தான் என்பது 21 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அரசியல்வாதிக்கு நேரம் காலம் கிடையாது. ஆனாலும் அதிகாலையை அவர் ஓட்டத்துக்கென்று ஒதுக்கி வைத்தார்.

வாரத்துக்கு 75 நிமிடம்!

‘மாரத்தான் எல்லாம் நமக்கெதற்கு?’ என்று கேட்பவர்களும் ஓட வேண்டிய காரணம் ஒன்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவோடு நடந்து, 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம். இது கிராமங்களையும் விட்டுவைக்கவில்லை. வயலிலும் கொல்லையிலும் நாளெல்லாம் நடந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றோ, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோ வேலை பார்க்கிறார்கள். அதற்கு மேல் பஸ்ஸில் பல மணி நேரம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வது இதுதான்... பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும். அல்லது ஓட்டம் போன்ற கடுமையான பயிற்சி என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். 75 நிமிடம் என்பது வாரத்துக்கு மூன்று முறை, 25 நிமிடம். தினமும் ஓட வேண்டிய கட்டாயமே இல்லை. ‘தினமும் ஓட முடியாது, அதனால் ஓடவே வேண்டாம்’ என்று நினைப்பதில்தான் பலருடைய ஓட்டம் நின்றுபோகிறது.

யாருக்கு எந்த நேரம்?

காலையில்தான் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வேலையைப் பார்த்து நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கம்பெனி பஸ்ஸில் போகிறவர்: தர்மபுரியிலிருந்து ஓசூர் சுமார் 90 கிலோமீட்டர். முதல் ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்பே பஸ் ஏற வேண்டும். இவர்கள் மூன்று மணிக்கு எழுந்து ஓடினால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் காயமும் காய்ச்சலும்தான் மிஞ்சும். வீடு திரும்பியதும், கட்டிலில் சாய்வதற்கு முன் ஷூவை மாட்டிக்கொண்டு 25 நிமிடம் ஓடிவிடுவது நல்லது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. நைட் ஷிஃப்ட் பார்த்தவர் நேராக மைதானத்துக்குப் போகக் கூடாது. தூங்கி எழுந்து மாலையில் ஓடலாம்.

ஆசிரியர், அலுவலக ஊழியர், கடைக்காரர்: இவர்களுக்குக் காலை வசதி. செவ்வாய், வியாழன் அரை மணி நேரம், ஞாயிறு ஒரு மணி நேரம் என்று கிழமையை நிரந்தரமாக வைத்துக்கொண்டால், ‘இன்னைக்கு ஓடலாமா, வேண்டாமா’ என்ற யோசனையே வராது.

விவசாயி: பால் கறப்பதும், பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை போடுவதும் பொழுது பார்த்து நடக்க வேண்டிய வேலைகள். அறுவடை, நடவு நாள்களில் உடம்புக்கு ஏற்கெனவே வேலை அதிகம். அந்த வாரங்களில் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு, வேலை குறைந்த வாரங்களில் கூட்டலாம்.

வீட்டுப் பொறுப்பு பார்க்கும் பெண்கள்: மார்கழியில் எல்லோருக்கும் முன்னால் எழுந்திருப்பவர்கள் இவர்கள்தான். ஆனால், அந்த நேரம் அவர்களுக்குச் சொந்தமில்லை. கோலம், சமையல், குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்புவது என்று ஓடும் ஓட்டம் கணக்கில் வருவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் காலைச் சமையலைக் கணவரோ, வளர்ந்த பிள்ளைகளோ பார்த்துக்கொண்டால், அம்மாவுக்கு 40 நிமிடம் கிடைக்கும். ஷூ வாங்கிக் கொடுப்பதைவிட அது பெரிய உதவி.

பனி பகையா?

உண்மையில், தர்மபுரியின் குளிர்காலம் ஓடுகிறவர்களுக்குக் கிடைத்த வரம். ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. கோடையில் அந்தச் சூட்டை வெளியேற்ற முடியாமல் உடம்பு திணறும். குளிரில் அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் மும்பை மாரத்தானும் சென்னை மாரத்தானும் ஜனவரியில் நடக்கின்றன. மார்கழியில், கோடையைவிடக் குறைந்த களைப்போடு நீண்ட தூரம் ஓடலாம்.

பிரச்னை, குளிரோடு சேர்ந்து வரும் மற்ற விஷயங்களில்தான். முதலாவது, இருட்டு. கோடையில் இங்கே காலை 5.50 மணிக்கெல்லாம் சூரியன் உதித்துவிடும். ஜனவரியில் 6.40-ஐத் தாண்டிவிடும். கிட்டத்தட்ட 50 நிமிட வித்தியாசம். ஜூன் மாதத்தில் ஐந்தரை மணிக்கு ஓடிய அதே பாதை, ஜனவரியில் கும்மிருட்டு. இரண்டாவது, மூடுபனி. லாரி ஓட்டுநருக்குப் பத்தடிக்கு அப்பால் தெரியாத நேரத்தில் சாலையில் ஓடுவது, உயிரோடு விளையாடுவது. பெங்களூரு – சேலம் தேசிய நெடுஞ்சாலையும், விபத்துக்குப் பெயர்போன தொப்பூர் கணவாய்ப் பகுதியும் எந்த மாதத்திலும் ஓடுவதற்கான இடங்கள் அல்ல.

பள்ளி, கல்லூரி மைதானம், ஏரிக்கரை, வண்டி குறைந்த கிராமச் சாலை ஆகியவைதான் பாதுகாப்பு. சாலையில் ஓடியே ஆக வேண்டும் என்றால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும். வெளிர் நிறச் சட்டை, ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை, கையில் ஒரு டார்ச். காதில் பாட்டு வேண்டாம். தெருநாய் துரத்தினால் வேகமெடுக்காமல் நின்று, மெதுவாக நடந்து கடப்பதே நல்லது. மூடுபனி இறங்கிய நாளில் ஓட்டத்தை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்த அழுத்தம் ஏறும். படுக்கையிலிருந்து எழுந்த சூட்டோடு வேகமாக ஓடக் கூடாது. வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் கை கால்களை அசைத்து, பிறகு நடந்து, அதன் பிறகு மெதுவாக ஓட ஆரம்பிக்க வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்களுக்குக் குளிர்ந்த காற்று மூச்சிரைப்பைத் தூண்டும். மூக்கை மெல்லிய துணியால் மூடிக்கொள்வது உதவும். இன்ஹேலரை எப்போது எடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓடி முடித்ததும் வியர்வையில் நனைந்த சட்டையோடு நின்று அரட்டை அடிக்காமல், காய்ந்த சட்டைக்கு மாறிவிட வேண்டும். குளிரில் தாகம் தெரியாது. அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் விடக் கூடாது.

40 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் சிறு வயதிலேயே மாரடைப்பு வந்த வரலாறு உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகே ஓட ஆரம்பிக்க வேண்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, தலைச்சுற்றல், குளிரிலும் திடீர் வியர்வை... இவற்றில் எது வந்தாலும் நின்றுவிட்டு, 108-ஐ அழைக்க வேண்டும். ‘இன்னும் ஒரு ரவுண்டு’ என்ற பேச்சே கூடாது.

கடைசியாக வருகிறவருக்கும் ஒரு துணை!

அலாரம் அடித்ததும் அணைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்வது எல்லோருக்கும் வரும் ஆசை. ஆனால், மைதான வாசலில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்றால் எழுந்துவிடுவோம். குழு ஓட்டத்தின் முதல் லாபம் இதுதான். இரண்டாவது லாபம் பாதுகாப்பு. தனியாக இருட்டில் ஓடத் தயங்கும் பெண்கள், ஐந்தாறு பேராகச் சேர்ந்தால் தைரியமாக வருவார்கள்.

சென்னை ரன்னர்ஸ் அமைப்பு, பகுதிவாரியாகக் கிளைகளை வைத்திருக்கிறது. ஆபீஸுக்குப் போகும் அவசரத்தில் ஊரின் மறுமூலைக்குப் போய் ஓடிவிட்டு வர முடியாது என்பதால், வீட்டுக்குப் பக்கத்திலேயே குழு. அரூர்க்காரர் தர்மபுரிக்கு வர வேண்டியதில்லை. அரூரில் நான்கு பேர், பாலக்கோட்டில் நான்கு பேர் என்று ஆரம்பித்து, மாதம் ஒருமுறை எல்லோரும் ஓரிடத்தில் சேர்ந்து ஓடலாம்.

குழு என்றதும் பலருக்கு ஒரு பயம். ‘எல்லோரும் வேகமாகப் போய்விட்டால்?’ இதற்கு அழகான ஒரு தீர்வு இருக்கிறது. 2004 அக்டோபர் 2 அன்று, லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹெவிட் என்பவர் 13 பேரோடு ஒரு 5 கிலோமீட்டர் ஓட்டத்தை நடத்தினார். காயத்தால் அப்போது அவரால் ஓட முடியவில்லை. நண்பர்களையாவது வாராவாரம் சந்திக்கலாம் என்றுதான் ஆரம்பித்தார். அதுதான் இன்று பல நாடுகளில் வாரந்தோறும் இலவசமாக நடக்கும் ‘பார்க்ரன்’. அதில் ‘கடைசி நடையாளர்’ என்று ஒரு தன்னார்வலர் இருப்பார். எல்லோருக்கும் பின்னால் வருவதே அவருடைய வேலை. அதனால் கலந்துகொள்கிறவர் யாரும் கடைசி ஆள் ஆவதே இல்லை.

நமக்கும் இது புதிதல்ல. தைப்பூசத்துக்குப் பழநிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்தில் மெதுவாக நடக்கும் பாட்டியை யாரும் வழியில் விட்டுவிட்டுப் போவதில்லை. அதே வழக்கத்தை ஓட்டத்திலும் வைத்துக்கொண்டால் போதும். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் குழுவுக்கான வேகம். பேச்சு திக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெருக்கடியான சாலையில் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு டார்ச்.

ஓட முடியாதவர்கள் நடந்து தொடங்கலாம். 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில், தர்மபுரி உள்பட 38 மாவட்டங்களிலும் தலா 8 கிலோமீட்டர் நடைபாதை தேர்வு செய்யப்பட்டது.

ஆடிப்பெருக்கில் ஆரம்பம்... பொங்கலுக்கு 21 கிலோமீட்டர்!

நீண்ட தூரம் ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு நம்மூர்க் காலண்டரே நல்ல வழிகாட்டி. ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கலில் குளித்துவிட்டு வந்த மறுநாள் தொடங்கினால், பொங்கலுக்குச் சுமார் 23 வாரங்கள் இருக்கும்.

முதல் ஆறு வாரம்: இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மாற்றி மாற்றி, 25 நிமிடம். வாரம் மூன்று நாள். அடுத்த எட்டு வாரம்: நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டி, ஞாயிறன்று 8 முதல் 10 கிலோமீட்டர். இதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். தூறலில் ஓடலாம், இடி மின்னல் இருந்தால் மைதானம் பக்கமே போகக் கூடாது. அந்த நாள்களில் வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்கலாம். கார்த்திகை, மார்கழியில் ஞாயிறு ஓட்டத்தை வாரம் ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டராக ஏற்றி, 18 வரை கொண்டு போகலாம். மூன்று வாரம் ஏற்றினால், நான்காவது வாரம் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் வலி மூன்று நாளைக்கு மேல் நீடித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டுக்குத் தனி டப்பா பவுடர் எதுவும் தேவையில்லை. ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம், வந்த பிறகு கேழ்வரகுக் கூழோ, களியும் கீரைக் கடைசலும் ஒரு முட்டையுமோ போதும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் அதிகமாகக் கால்சியம் இருக்கிறது. தர்மபுரிக்காரர்களுக்கு அதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இப்போது மறுபடி அந்த மைதானத்துக்கு வருவோம். காவலர் தேர்வுக்காக ஓடுகிற அந்த இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை... வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஷூவைப் பரணில் போட்டுவிடாதீர்கள். பரணில் ஏற்கெனவே போட்டுவிட்ட அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வார்த்தை... தூசியைத் தட்டிப் பாருங்கள், அடிப்பாகம் தேய்ந்திருந்தால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 6.45 மணி. அப்போது நன்றாக வெளிச்சம் வந்துவிடும். தெரிந்த இரண்டு பேருக்கு இன்றே போன் செய்து, மைதான வாசலுக்கு வரச் சொல்லுங்கள்.